வார்டை விட்டு வேறு பாதைக்குப் போக நினைக்கும் நர்ஸ்களுக்கு

நைட் முடித்து, ஹேண்ட் ஓவர் கொடுத்து, பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வருகிற எண்ணம் அது: "இனிமே இந்த வேலையே வேண்டாம்." பதினொரு வருடம் ஐ.சி.யூ.வில் இருந்த எனக்கும் அது பலமுறை வந்திருக்கிறது. இப்போது ஒரு மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். மாதம் இரண்டு பேராவது போன் செய்து, "அக்கா, நர்சிங்கை விட்டுடலாம்னு இருக்கேன், அடுத்து என்ன பண்றது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, இரண்டு மூன்று வருடமாவது வார்டு பார்த்தவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதல் படி: எதை விடப் போகிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

"நர்சிங்கை விடணும்" என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால், பலருக்கு வேண்டாம் என்று இருப்பது நைட் டியூட்டி. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட இன்சார்ஜ். சிலருக்குப் பதினெட்டு பேஷண்டுக்கு ஒரே சிஸ்டர் என்கிற கணக்கு. சிலருக்குச் சம்பளம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இன்சார்ஜோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவர் கடன் வாங்கி மெடிக்கல் கோடிங் படிக்க வேண்டியதில்லை, வேறு டிபார்ட்மெண்ட் கேட்டால் போதும்.

இதைக் கண்டுபிடிக்க நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான். யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைக்கிற சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு மாதம், ஒவ்வொரு டியூட்டி முடிந்ததும் இரண்டே வரி. இன்று எது உங்களை உறிஞ்சி எடுத்தது, எந்த நேரத்தில் வேலை செய்வதே தெரியாமல் போனது. அவ்வளவுதான். ஒரு வாரம் எழுதினால் போதாது. நைட், டே, அட்மிஷன் குவிந்த நாள், சும்மா இருந்த நாள் எல்லாம் அதில் வர வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கச்சி அப்படி எழுதிய நோட்டை எனக்குக் காட்டினாள். உறிஞ்சியது என்கிற பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு: நைட்டில் மூன்று மணிக்கு மேல் வருகிற தலைவலி, பில்லுக்காக, பேஷண்டோடு வரும் அட்டெண்டர்கள் நம்மைத் திட்டுவது. இன்னொரு பக்கத்தில் இப்படி ஒரு வரி: "7-ஆம் பெட் தாத்தாவுக்கு இன்சுலின் போடச் சொல்லிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் போனதே தெரியல." அந்தத் தாத்தா வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எங்கே வைப்பார் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் யாரும் எழுதவில்லை. இவள்தான் கேட்டிருக்கிறாள். பானையில் தண்ணீர் ஊற்றி, மருந்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி உள்ளே வைக்கச் சொல்லி, ஊசியைக் குத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு எடுக்கணும் என்று அவரையே வாய்விட்டு எண்ண வைத்திருக்கிறாள். வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப் போயிருந்ததைத் தொட்டுக் காட்டி, இடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறாள்.

அவள் விட வேண்டியது நைட்டையும் பில் சண்டையையும் மட்டும்தான் என்பது நோட்டிலேயே இருந்தது. இன்றைக்கு அவள் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் டயபட்டிஸ் எஜுகேட்டர். முதல் வருடம் சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. நைட் அலவன்ஸ் போய்விட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, நைட் முடித்த காலையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இரண்டு நாள் ஆஃப் எடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: உள்ளேயே இடம் மாற முடியுமா

ஓ.டி. என்கிற ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், இதய ரத்தக்குழாய்ச் சோதனை நடக்கும் கேத் லேப், எண்டோஸ்கோப்பி, ஓ.பி., கீமோ டே கேர். இவை ஒவ்வொன்றும் கிட்டத்தட்டத் தனி வேலை. டயாலிசிஸில் அதே பேஷண்டுகள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணம் வரை நமக்குத் தெரிந்துவிடும். ஓ.டி.யில் அட்டெண்டர் தொல்லை கிடையாது, ஆனால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நர்சிங் சூப்பரின்டெண்டெண்டிடம் வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பதோடு நின்றுவிடும். எழுத்தில் கொடுங்கள். எந்த டிபார்ட்மெண்ட், ஏன், எந்தத் தேதியிலிருந்து என்று நான்கு வரி போதும். மூன்று மாதம் பொறுங்கள். நடக்கவில்லை என்றால் வெளியே தேட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாம் படி: பேப்பர்களைச் சரி செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில் செய்கிறார்கள். ராஜினாமா யோசனை வந்த அன்றே தொடங்க வேண்டிய வேலை இது.

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் உங்கள் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். நர்ஸ்களுக்கான தேசியப் பதிவேட்டில் உங்கள் பெயரும் ஆதாரும் சரியாக ஏறி, என்.யு.ஐ.டி. என்கிற தனி அடையாள எண் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோடிங்குக்கோ இன்சூரன்ஸுக்கோ போனவர்கள் "இனி இது எதற்கு" என்று புதுப்பிக்காமல் விட்டு, நான்கைந்து வருடம் கழித்துத் திரும்பி வர நினைக்கும்போது அலைகிறார்கள். வேறு எந்த வேலைக்குப் போனாலும் பதிவை உயிரோடு வைத்திருங்கள். புதுப்பிக்கத் தேவையான சி.என்.இ., அதாவது தொடர் நர்சிங் கல்வி வகுப்புச் சான்றிதழ்களை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். மருத்துவமனையில் இருக்கும்போது அவை சுலபமாகக் கிடைக்கும், வெளியே போனால் தேடிப் போக வேண்டும்.

அடுத்தது அனுபவச் சான்றிதழ். "இவர் இங்கே ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார்" என்று ஒற்றை வரியில் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை மாதம், மருத்துவமனையில் மொத்தம் எத்தனை படுக்கை என்பதெல்லாம் இருக்க வேண்டும். படுக்கை எண்ணிக்கை எதற்கு என்று கேட்பீர்கள். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் என்கிற நர்சிங் ஆபீசர் தேர்வுக்கு ஜி.என்.எம். படித்தவர்கள் விண்ணப்பிக்க, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 வருட அனுபவம் காட்ட வேண்டும். அந்த ஒரு எண் இல்லாததால் பழைய மருத்துவமனைக்கு மறுபடி போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஒரிஜினல் சான்றிதழ்கள். நான் முதல் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையில் மார்க் ஷீட், டிப்ளமோ எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருட பாண்ட், அதாவது அதற்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்கிற ஒப்பந்தம். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஐந்து வாரம் அலைந்தேன். கடைசியில், என்னென்ன சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்கின்றன என்று பட்டியல் போட்டு, இந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகுதான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கேயும் ஒரிஜினலைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, கையோடு வாங்கி வந்துவிடுவேன். உங்களுடையது யாரிடமாவது மாட்டியிருந்தால் அதே போலக் கடிதம் அனுப்புங்கள் (பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது, அதில் அனுப்பலாம்). அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. இது தெரியாமல் எத்தனை பெண்கள் கைவளையலை அடகு வைத்து பாண்ட் பணம் கட்டுகிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பிறகு பணம். நிரந்தர ஊழியராக ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. கணக்கு சுலபம்: கடைசி மாத அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 7,500, ஐந்து வருடத்துக்கு 37,500. நான்கரை வருடத்தில் கோபத்தில் கடிதம் எழுதுகிறவர் இந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போகிறார். சேர்ந்த தேதியை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என். எண்ணில் புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷன் தகுதிக்குப் பத்து வருட சேவை வேண்டும், நடுவில் எடுத்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

கையில் ஆறு மாத வீட்டுச் செலவு இல்லாமல், வேறு வேலையும் உறுதியாகாமல் விலகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நான்காம் படி: என்னென்ன பாதைகள் இருக்கின்றன

நானே நடக்கும் பாதையிலிருந்து தொடங்குகிறேன். தரச் சான்றிதழுக்காக என்.ஏ.பி.எச். பக்கம் போகும் மருத்துவமனைக்கெல்லாம் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் வேண்டும். காலையில் நான் வார்டு வார்டாகப் போய், எத்தனை பேருக்கு, பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன் இருக்கிறது, எத்தனை பேருக்கு யூரின் கதீட்டர் இருக்கிறது, எத்தனை பேர் வென்டிலேட்டரில் என்று எண்ணுவேன். மாதக் கடைசியில் அந்த தினசரி எண்ணிக்கைகளைக் கூட்டினால் 600 சென்ட்ரல் லைன் நாள்கள் வருகின்றன, அதில் மூன்று பேருக்கு ரத்தத்தில் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 நாளுக்கு 5 என்பது அந்த மாத விகிதம். இந்த எண் ஏறினால் ஏன் என்று தேட வேண்டும். டிரெஸ்ஸிங் எப்போது மாற்றினார்கள், லைனின் வாயான ஹப்பைத் துடைத்தார்களா, தேவை முடிந்த பிறகும் லைன் கிடந்ததா?

கை சுத்தம் ஆடிட் பண்ணும்போது ஒரு மூலையில் மருந்து ட்ராலிக்குப் பக்கத்தில் பேசாமல் நின்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில், பேஷண்டைத் தொட்டபின் கை துடைப்பவர்கள் நிறைய. பேஷண்டைத் தொடாமல் பெட் ரெயிலையோ மருந்து ஏற்றும் பம்ப்பையோ மட்டும் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் கையை மறந்துவிடுகிறார்கள். ஒருநாள் ஒரு சிஸ்டர் அலாரத்தை நிறுத்திவிட்டு, அதே விரலால் பக்கத்து பெட் பேஷண்டின் கேனுலா பிளாஸ்டரைச் சரி செய்ததைப் பார்த்தேன். பத்து வருடம் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அவளைத் திட்டுவதற்குப் பதிலாக ஹேண்ட் ரப் பாட்டிலை பம்ப் ஸ்டாண்டிலேயே மாட்ட ஏற்பாடு செய்தோம். அடுத்த மாத ஆடிட்டில் எண் மாறியது. அந்த சந்தோஷம் ஐ.சி.யூ.வில் ஒரு பேஷண்டை எக்ஸ்டுபேட் பண்ணி, அதாவது வென்டிலேட்டர் குழாயை எடுத்து, வெளியே அனுப்புகிற சந்தோஷத்துக்குக் குறைந்ததில்லை.

ஊசி குத்திக்கொண்ட ஸ்டாஃப் முதலில் ஓடி வருவதும் என்னிடம்தான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பயந்து மறைக்கிற புதுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசுவதும் இந்த வேலைதான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவு பிரிப்பதைக் கண்காணிப்பதும் சேர்த்தி. இதற்கு வர, உங்கள் மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் வார்டு பிரதிநிதியாக, அதாவது லிங்க் நர்ஸாக முதலில் பெயர் கொடுங்கள். எக்செல் கற்றுக்கொள்ளுங்கள். எல்லோரிடமும் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வேலை கஷ்டம். டாக்டரையும் நிறுத்தி "சார், கை" என்று சொல்ல வேண்டி வரும்.

கட்டில் பக்கத்தை விட்டு விலக மனமில்லை, ஆனால் மருத்துவமனை வேண்டாம் என்பவர்களுக்குச் சமூகப் பணி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடிப் போய் வலிநிவாரண, ஆதரவு சிகிச்சை தருகிற ஸ்டாஃப் நர்ஸ்கள் இருக்கிறார்கள். துணை சுகாதார நிலையங்களில் எம்.எல்.எச்.பி., அதாவது இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணியிடங்கள் இருக்கின்றன. இரண்டும் தொகுப்பூதியம், ஒப்பந்த முறை. மாவட்ட நலவாழ்வுச் சங்க அறிவிப்புகளை உங்கள் மாவட்ட இணையதளத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள், விண்ணப்பிக்கத் தருகிற நாள்கள் குறைவாக இருக்கும்.

ஆதரவு சிகிச்சை நர்ஸோடு ஒருநாள் நானும் போனேன். வாய்ப் புற்று முற்றிய ஒரு அம்மா. நாற்றத்தால் மருமகள் உட்பட யாரும் அந்த அறைக்குள் போவதில்லை. நர்ஸ் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, பஞ்சு வைத்துக் கட்டி, தினமும் அதே போலச் செய்ய மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வாரம் போனபோது பேத்தி பாட்டியின் கட்டிலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இது உங்களை இழுத்தால், முதலில் இரண்டு மூன்று வீட்டு விசிட்டுக்குக் கூடப் போய்ப் பாருங்கள். எல்லோராலும் தாங்கிக்கொள்ள முடிகிற வேலை இல்லை.

உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் வேலையும் ஐ.சி.யூ. நர்ஸ்களுக்கு நன்றாகப் பொருந்தும். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் திருத்தங்களும் இந்தப் பதவியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தோடு இருப்பது ஒருங்கிணைப்பாளர்தான். பேச்சில் நிதானமும், "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அதை மதித்து எழுந்து வரும் பக்குவமும் வேண்டும். சென்னையில் 1997-இல் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன் இதற்கான பயிற்சி நடத்துகிறது. போன் எந்த ராத்திரியிலும் வரும், எனவே நைட்டிலிருந்து தப்பிக்க நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மெடிக்கல் கோடிங் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளி ரெக்கார்டைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி.-10 கோடும், செய்த சிகிச்சைக்கு சி.பி.டி. கோடும் போடுகிற வேலை. சென்னை, கோவை, திருச்சி என்று கம்பெனிகள் நிறைய. ஏ.ஏ.பி.சி. என்கிற அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.பி.சி. என்கிற கோடிங் சான்றிதழ்த் தேர்வு 100 கேள்வி, நான்கு மணி நேரம், கோடு புத்தகங்களை வைத்துக்கொண்டே எழுதலாம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். ஆபரேஷன் நோட்டைப் படித்ததும் டாக்டர் என்ன செய்தார் என்று கண்ணில் தெரிவது நமக்குப் பலம். உயிரியல், ஃபார்மசி படித்து வருகிற பிள்ளைகள் அதைப் புத்தகத்தில்தான் கற்க வேண்டும். ஆனால் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். சி.பி.சி. முடித்தாலும் ஆரம்பத்தில் பெயருக்குப் பின்னால் அப்ரெண்டிஸ் என்கிற அடையாளம் இருக்கும். அனுபவம் காட்டித்தான் அதை எடுக்க முடியும். சேர்ந்ததும் ஃபிரஷர் சம்பளம்தான், எட்டு வருட வார்டு அனுபவத்துக்குத் தனியாக எதுவும் சேர்க்க மாட்டார்கள். கோடிங் என்று சொல்லிக் கூப்பிட்டு ஏ.ஆர். காலிங்கில் போடுவார்கள். அது அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு போனில் பேசுகிற வேலை, முழுக்க நைட் ஷிஃப்ட். ஆஃபர் லெட்டரில் எந்தப் பிராசஸ், எந்த ஷிஃப்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "100 சதவீதம் பிளேஸ்மெண்ட்" என்று சொல்லி முழு ஃபீஸையும் முன்கூட்டியே கேட்கும் இன்ஸ்டிடியூட்டில் சேராதீர்கள். கம்பெனியே பயிற்சி தந்து எடுப்பதும் உண்டு, முதலில் அதை முயன்று பாருங்கள். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பதையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வார்டின் சத்தத்தைத் திட்டிக்கொண்டே போனவர்கள், அந்த அமைதி தாங்காமல் திரும்பி வந்ததும் நடந்திருக்கிறது.

தொழிற்சாலை நர்ஸ் வேலை பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ, நர்சிங் ஊழியரோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதி வைத்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் கேட்டுப் பாருங்கள். விபத்து வந்தால் பக்கத்தில் டாக்டர் இல்லாமல் முதல் பத்து நிமிடத்தைத் தனியாகச் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எமர்ஜென்சி பார்த்தவர்களுக்கு முன்னுரிமை தருவார்கள். ஆலை ஷிஃப்டில் ஓடினால் உங்களுக்கும் ஷிஃப்ட்தான்.

இன்சூரன்ஸ், அதன் கிளெய்ம்களைக் கையாளும் டி.பி.ஏ. கம்பெனி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட டெஸ்க் என்று பேப்பர் பக்கமும் இடமுண்டு. அங்கே கேஸ் ஷீட்டைப் படித்து முன்அனுமதிக்கு என்ன ரிப்போர்ட் குறைகிறது என்று சட்டென்று சொல்லத் தெரிந்தால் போதும். கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் ஆக, ஜி.சி.பி. எனப்படும் நல்ல ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு, ட்ரையல் நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் கேளுங்கள்.

படிப்பை நீட்டிக்க நினைப்பவர்களுக்கு: ஜி.என்.எம். என்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. 2 வருடம், அதன்பின் எம்.எஸ்ஸி. 2 வருடம். எம்.எஸ்ஸி. முடித்து ஆசிரியராகப் போகலாம். ஆனால் தனியார் நர்சிங் கல்லூரிச் சம்பளத்தை அங்கேயே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஐ.சி.யூ.வை விடாமல் பொறுப்பில் உயர வேண்டும் என்றால், இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர் என்கிற 2 வருட ரெசிடென்சி படிப்பைப் பாருங்கள். வேலை செய்துகொண்டே படிக்கிற அமைப்பு அது.

அரசு வேலைக்கு வயதுதான் கடிகாரம். நார்செட்டுக்குப் பொதுப் பிரிவில் 30 வயது, ஓ.பி.சி.க்கு 3 வருடமும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருடமும் தளர்வு. தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் இல்லை என்கிற சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும், அதற்குத் தாலுகா ஆபீஸில் நாள் பிடிக்கும். ரயில்வே நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் பதவியில் வயது வரம்பு இதைவிடத் தாராளம். எய்ம்ஸ், ரயில்வே இரண்டிலும் ஏழாவது ஊதியக்குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. மாநில அரசின் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலமுறை ஊதியத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களின் போராட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஐந்தாம் படி: விலகும் முன் தொட்டுப் பாருங்கள்

ஒரு பாதையைத் தேர்ந்ததும் அதில் இப்போது இருக்கும் மூன்று பேரோடு பேசுங்கள். ஒருவர் புதிதாகச் சேர்ந்தவர், ஒருவர் ஐந்து வருடம் ஆனவர், ஒருவர் அதை விட்டு வந்தவர். மூன்றாமவர் சொல்வதுதான் அதிகம் உதவும். முடிந்தால் ஆஃப் நாளில் அந்த இடத்தில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்.

பயோடேட்டாவை மாற்றி எழுதுங்கள். "ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ், 6 வருடம், எல்லா நர்சிங் கேரும் செய்வேன்" என்று இருந்தால் வார்டுக்கு வெளியே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. "12 படுக்கை ஐ.சி.யூ., ஒரு ஷிஃப்டில் 2 வென்டிலேட்டர் பேஷண்ட். புதிதாகச் சேர்ந்த 9 நர்ஸ்களுக்குப் பயிற்சி. 2 வருடம் கிராஷ் கார்ட் பொறுப்பு" என்று எண்ணோடு எழுதுங்கள். பொய் எண் வேண்டாம், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "ஏன் வார்டை விடுறீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய இடத்தைப் பற்றிக் குறை சொல்லாமல், நோட்டில் எழுதிய அந்த இரண்டாவது பக்கத்தை நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

வீட்டில் பேசுவது தனிச் சங்கதி. "நர்ஸ் வேலைன்னா எங்க போனாலும் சோறு கிடைக்கும், அதை ஏன் விடுற?" என்று என் அப்பா கேட்டார். கோபப்படாமல் ஒரு தாளில் இப்போதைய சம்பளம், புதுச் சம்பளம், பஸ் செலவு, நைட்டில் பிள்ளையைப் பார்க்க அத்தைக்குக் கொடுக்கும் பணம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். வித்தியாசம் மாதம் 2,300 ரூபாய்தான் என்று தெரிந்ததும் அவரே, "சரி, ராத்திரி வீட்டுல இருப்பேல்ல" என்றார்.

விலகும் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், கையிலும் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாகப் பாருங்கள். ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம்

பண்டிகை நாளில் வீட்டில் இருப்பதே ஏதோ தப்பு செய்வது போல இருக்கும். பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் டியூட்டிப் பேச்சு ஓடும்போது நாம் வெளியே நிற்பது போல இருக்கும். "நீ இப்ப நர்ஸே இல்லையே" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அது நான்காவது மாதம் வந்தது, அழுதேன். புது இடத்தில் வேலை பிடிபட்ட பிறகு குறைந்தது. ஆறு மாதத்துக்குள் "தப்பு பண்ணிட்டேன்" என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நோட்டை மறுபடி எடுத்து, புது வேலைக்கும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

ஆறு மாதம் கழித்தும் அதே கனம் இருந்தால் திரும்பி வரலாம். பி.எல்.எஸ். என்கிற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் 2 வருடம்தான் செல்லும், அதை விடாமல் புதுப்பித்து வந்திருந்தால் வேலை சுலபம். சேரும்போதே, "நான் இவ்வளவு நாள் பெட்சைடில் இல்லை, முதல் இரண்டு வாரம் ஒரு சீனியரோடு சேர்த்து டியூட்டி போடுங்கள்" என்று இன்சார்ஜிடம் நேராகக் கேளுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் பம்ப் மாடல் மாறியிருக்கும், மருந்து கலக்கும் அளவைச் சொல்லும் டைல்யூஷன் சார்ட் மாறியிருக்கும், என்ட்ரி எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிருக்கும். முதல் நாளே அந்த சார்ட்டை மொபைலில் படம் எடுக்கலாமா என்று அனுமதி கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.